எண்ணிக்கையில் வராத வாசகி

பிரபு,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். உனக்கே புரிந்திருக்கும். "அம்மா, நீ அப்ப போட்ட லிஸ்டு, அந்தக் கணக்கெடுப்பு நோட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. திங்கட்கிழமை எங்க நூலகக் கமிட்டி. எந்த ஜர்னலை அச்சுல வாங்கறது, எதைக் கம்ப்யூட்டருக்கு மாத்தறதுன்னு நான்தான் சொல்லணும். எங்கம்மா ஒரு கணக்கெடுப்பு முறை வெச்சிருக்காங்க, அதையே பண்ணலாம்னு பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. நான் மதுரை வெயிலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "இன்னா, பையன்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லலியா?" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியாது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் இதைப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும்.

ஆம்பூர்க் கல்லூரியில் நான் நூலகராக இருந்த காலம் உனக்குத் தெரிந்ததுதான். தோல் வேதியியல் பாடம் இருந்த கல்லூரி அது. அதனால் வேலூர்ப் பக்கத்துப் பெரிய கல்லூரிகளில்கூட இல்லாத சில ஆய்விதழ்கள் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. மேல்மாடி முழுக்க அவற்றின் பழைய தொகுதிகள், ஆண்டு வாரியாகப் பைண்டு செய்து பச்சை அட்டையும் பொன்னெழுத்துமாக நிற்கும். மழைக்காலத்தில் மேற்குச் சுவர் ஊறும். நானும் அட்டெண்டர் ஏழுமலையும் அலமாரிகளை நகர்த்தி நகர்த்தி வைப்போம். சந்தா ஆண்டுதோறும் ஏறியது. இதழ் தபாலில் தொலையும், தாமதமாக வரும், நினைவூட்டல் கடிதம் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்து போகும். அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். நூற்றுக்கணக்கான இதழ்கள் ஒரே தொகுப்பாகக் கணினியில் கிடைக்கும் என்றார்கள். தொலையாது, ஊறாது, பைண்டிங் வேண்டாம். நிர்வாகத்துக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதையும் வாங்கி அச்சு இதழ்களையும் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. "எதை நிறுத்தலாம்னு நீங்களே லிஸ்ட் குடுங்கம்மா. வாய்வார்த்தையா வேணாம், ஆதாரத்தோட குடுங்க" என்றார் பிரின்சிபால்.

ஆதாரம் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மற்ற நூலகங்களில் செய்கிற முறை ஒன்றைப் படித்திருந்தேன். வாசகர்கள் படித்து முடித்த இதழை ரேக்கில் திருப்பி வைக்காமல் மேஜைமேலேயே விட்டுவிட வேண்டும். மாலையில் அட்டெண்டர் அவற்றைச் சேகரித்து, ஒவ்வொரு இதழின் பெயருக்கு எதிரேயும் நோட்டில் ஒரு கோடு போடுவார். மாத முடிவில் கோடுகளை எண்ணினால் எது படிக்கப்படுகிறது, எது தூசி தின்கிறது என்று தெரிந்துவிடும். கோடு விழாத இதழை நிறுத்தலாம். யாரும் சண்டைக்கு வர முடியாது. எண்ணிக்கை பேசும், நான் பேச வேண்டியதில்லை. அந்த வசதிதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

படித்த இதழை மேஜைமேலேயே விடுங்கள் என்று கதவருகே ஒரு அறிவிப்பு ஒட்டினேன். எண்ணத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஏழுமலை என் மேஜைக்கு வந்து நின்றார். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற மனிதர், தேவையில்லாமல் பேச மாட்டார்.

"அக்கா, இந்த மாசம் எண்ண வேணாமே. ரம்ஜான் ஆரம்பிச்சிடுச்சு. நோன்பு வெச்சிருக்கறவங்க மத்தியானத்துக்கு மேல யாரும் நிக்கறதில்ல. பாதி மேஜை காலியா கெடக்குது. அடுத்த மாசம் எண்ணலாம்."

"கமிட்டிக்குத் தேதி குடுத்தாச்சு ஏழுமலை. அடுத்த மாசம் பரிச்சை வந்துரும், அப்பவும் கணக்கு சரியா வராது."

"சாயங்காலம் வருமே அந்தப் பாய் வீட்டுப் பொண்ணு, ஸ்கூல் டீச்சர். அது இந்த மாசம் ரெண்டு நாள்தான் வந்துச்சு. மத்த மாசத்துல தெனம் வரும்."

"ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் தள்ளி வைக்க முடியுமா?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆம்பூரில் இத்தனை வருஷம் வேலை பார்த்த எனக்கு ரம்ஜான் மாதம் என்றால் என்ன என்று தெரியாதா? பிற்பகல் மூன்று மணிக்கே கடைத்தெருவின் முகம் மாறிவிடுகிற ஊர் இது. தெரிந்தேதான் எண்ணினேன். என் அட்டவணைக்கு அந்தத் தேதி வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த டீச்சர் பெயர் தபஸ்ஸும். எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் படித்தவள். ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே, வேலூரில் வேறொரு கல்லூரிப் பேராசிரியரிடம் பகுதிநேரமாக ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தாள். அவளுக்கு வேண்டிய இரண்டு இதழ்கள் அந்தக் கல்லூரியில் கிடையாது, எங்களிடம்தான் இருந்தன. பழைய மாணவி என்பதால் உட்கார்ந்து படிக்க அனுமதி கொடுத்திருந்தோம். நாலு மணிக்கு வருவாள், ஆறு மணிக்குப் போவாள். தோல் பதனிடும் தண்ணீரில் கலந்துவிடும் குரோமியத்தை நிலக்கடலைத் தோலைக் கருக்கிச் செய்த பொடியால் பிரித்தெடுக்க முடியுமா என்பதுதான் அவள் ஆய்வு. ஏழுமலை ஊரிலிருந்து ஒரு கோணிப்பை நிறையக் கடலைத் தோல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணில சோறு வடிச்சா மஞ்சளா வரும் மேடம். அப்பா தோல் பதனிடற ஷாப்புலதான் வேலை பாத்தாரு, அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன். ஷாப்பை மூடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணியையாவது சரி பண்ணலாம்ல?" என்றாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

மாத முடிவில் கோடுகளைக் கூட்டினேன். அவள் படித்த அந்த இரண்டு இதழ்களுக்கு எதிரேயும் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு லேசாக உறுத்தியது. அந்த மாதம் முழுக்க இரண்டு நாள்தான் என்றாலும் வந்தாளே, அந்த இரண்டு நாளாவது விழுந்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு விட்டுவிட்டேன். எப்படியோ செய்தி அவள் காதுக்கும் போயிருக்கிறது. கமிட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கடிதம் எழுதி எடுத்து வந்தாள். அழகான தமிழ்க் கையெழுத்து, ஒரே பக்கம். இந்த இரண்டு இதழ்களை மட்டும் இன்னும் ஓராண்டு அச்சில் வரவழைக்க வேண்டும், ஓராண்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன், பழைய தொகுதிகளையும் அதுவரை எடுக்காதீர்கள் என்று கேட்டிருந்தாள். "கமிட்டில வெக்கறேன்மா" என்று வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன்.

வைக்கவில்லை, பிரபு. கூட்டத்தில் அந்தக் கடிதத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. என் அட்டவணை அவ்வளவு சுத்தமாக இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எண்களே பேசின. துறைத் தலைவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில், கோடு விழாத இரண்டு இதழுக்காக, கல்லூரியில் பெயரே இல்லாத ஒருத்தி எழுதிய கடிதத்தை நீட்டினால், "அப்ப உங்க கணக்கு தப்பா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். மறந்துவிட்டேன் என்று அப்பாவிடம் முதலில் சொன்னேன். அது பொய். கடிதத்தைக் கோப்பின் அடியில் வைத்துக் கூட்டத்துக்கு எடுத்துப்போயிருந்தேன். கடைசி வரை அது என் முழங்கையின் கீழேதான் இருந்தது.

அச்சு இதழ்கள் நின்றன. கணினித் தொகுப்பு வந்தது. மேல்மாடியில் இடம் வேண்டும் என்று பழைய தொகுதிகளையும் பழைய பேப்பர் வியாபாரிக்குப் போடச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. பச்சை அட்டைகளை லாரியில் ஏற்றும்போது ஏழுமலை உதவிக்கு வரவில்லை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

கணினி வந்ததால் கெட்டது மட்டும்தான் நடந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது. குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து படித்த கோமதி என்ற பெண்ணுக்குப் பார்வை மிகவும் குறைவு. அச்சு இதழை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாலும் நாலு வரிக்கு மேல் அவளால் படிக்க முடியாது. திரையில் எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி முதல்முறை ஒரு கட்டுரையை முழுக்கப் படித்து முடித்த அன்று, "மேடம், இவ்ளோதானா? இதுக்கா நான் பயந்துட்டு இருந்தேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் எடுத்தது சரியான முடிவுதான் என்று நிம்மதியானேன். விடுதி மாணவிகளும் நேரம் காலம் பார்க்காமல் படித்தார்கள். ஆகவே அச்சு உயர்ந்தது, கணினி மட்டம் என்று உன்னிடம் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு பக்கம் சாய முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோமதிக்குக் கதவு திறந்த அதே கையால்தான் தபஸ்ஸுமுக்கு மூடினேன்.

நோன்புப் பெருநாளும் பள்ளிப் பரிச்சை வேலையும் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் அவள் வந்தாள். காலியான ரேக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், புது இஷ்யூ எல்லாம் எங்க?"

"இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதான்மா. ரெண்டுமே அதுல இருக்கு."

முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதுதான் மேடம். நான் வீட்ல இருந்தே பாக்கலாமா?"

"இல்லம்மா. காலேஜ் ரோல்ல பேர் இருக்கறவங்களுக்கு மட்டுந்தான். ஒப்பந்தம் அப்பிடி."

"இங்கியே உக்காந்து பாத்துட்டுப் போறேன். பாஸ்வேர்டு வேணாம், நீங்களே தொறந்து குடுங்க."

"வெளி ஆளுங்களுக்குக் காட்டினா மொத்தமா கட் பண்ணிடுவாங்க. என் வேலைக்கே பேஜார் ஆயிடும்."

"அப்ப அந்தப் பழைய வால்யூம்?"

நான் மேஜைமேலிருந்த நோட்டை மூடினேன். மாடிப்படியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். "நான் லெட்டர் குடுத்தேனே மேடம், கமிட்டில இன்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். "ஒத்துக்கல" என்றேன். கமிட்டியில் யாருக்கும் அப்படியொரு கடிதம் இருப்பதே தெரியாது. என் தப்பைப் பத்துப் பேர் தலையில் வைத்தேன்.

மனசு கேட்காமல், வேண்டிய கட்டுரைகளின் பட்டியல் கொடு, நானே எடுத்து அச்சடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். மறுநாளே கொடுத்தாள். இருபது கட்டுரைக்கு மேல் இருந்தது. மூன்றோ நாலோ எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் சென்னையில் நூலகர்கள் கருத்தரங்கு வந்தது. என் கணக்கெடுப்பு முறையைப் பற்றிக் கட்டுரை வாசிக்க அழைத்திருந்தார்கள். அதற்கான படங்கள், வரைபடங்கள் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்தேன். தபஸ்ஸும் மூன்று முறை வந்து, என் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். மூன்று முறையும் "அடுத்த வாரம்மா" என்றேன். நாலாவது முறை அவள் வரவில்லை. வராததை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்தக் கருத்தரங்குக்குத்தான் நீ வந்தாய். நூலக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். எல்லாரும் கைதட்டி முடித்த பிறகும் நீ தட்டிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து, "அம்மா, யாரையும் கேக்காம, யாருக்கும் பயப்படாம ஒரு முடிவு எடுக்கறது எப்பிடின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாய். 'யாரையும் கேக்காம' என்று நீ பாராட்டாகத்தான் சொன்னாய். நானும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் உன் சின்ன வயசு விஷயம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஏழாம் வகுப்பு வரை உனக்குக் கண்ணாடி கிடையாது. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். கணக்கு டீச்சர் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பையன் எதுவும் சொல்லலியே மேடம்" என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றார் அவர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, உனக்கு நினைவிருக்காது. தொந்தரவு கொடுக்காத பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிற புத்தி எனக்கு அப்போதே இருந்தது. அழுதேனே தவிர, திருந்தவில்லை.

மூன்றாவது ஆண்டில் நிர்வாகம் கணினித் தொகுப்பைப் புதுப்பிக்கவில்லை. ஒரு காலையில் திறந்தால் எதுவும் திறக்கவில்லை. இந்த ஆண்டு இதழ்கள் வராதது எனக்குப் புரிந்தது. ஏற்கெனவே சந்தா கட்டிப் படித்த ஆண்டுகளாவது இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். "மேடம், ஒப்பந்தத்துல தெளிவா இருக்கே, சந்தா இருக்கற வரைக்குந்தான் பாக்கற உரிமை" என்று மரியாதையாகச் சொன்னார் அந்தப் பையன். அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை, எல்லாம் போன பிறகு படித்தேன். நாம் வாங்கியது இதழை அல்ல, கொஞ்ச காலம் எட்டிப் பார்க்கிற அனுமதியைத்தான் என்று புரிந்தது. பழைய தொகுதிகளையும் விற்றாகிவிட்டது. வியாபாரியிடம் போய்க் கேட்டேன். "அது எப்பவோ மில்லுக்குப் போய்டுச்சுங்க" என்றார். கோமதிக்கும் கதவு மூடியது, அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் மூடியது.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொரு வரி. ஒப்பந்தத்தின் கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. நூலகத்துக்குள் நேரில் வந்து உட்காரும் வெளி வாசகர்களும் நூலகக் கணினியில் இதழ்களைப் படிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். தபஸ்ஸும் கேட்டது அதைத்தான். 'இங்கியே உக்காந்து பாத்துட்டுப் போறேன்' என்றாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது. நான்தான் கிடையாது என்று சொன்னேன். கம்பெனி சொல்லவில்லை, நிர்வாகம் சொல்லவில்லை, விதி சொல்லவில்லை. படிக்காத ஒரு காகிதத்தின் பேரைச் சொல்லி, படிக்க வந்தவளை நான் திருப்பி அனுப்பினேன். நூலகர் என்று பலகை போட்ட மேஜையில் உட்கார்ந்துகொண்டு.

அப்பாவிடம் அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு" என்றார். போகிறேன் போகிறேன் என்று நாலு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஏழுமலையிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மசூதிக்குப் பின்னால் குறுகலான தெரு. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம்" என்று எப்போதும்போல் சொன்னாள். உள்ளே விடைத்தாள் கட்டு ஒன்று பாதி திருத்திய நிலையில் இருந்தது. டீ கொண்டு வந்தாள். ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"காலக்கெடு முடிஞ்சு போச்சு மேடம். சோதனை எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மத்தவங்க செஞ்சதோட ஒப்பிட்டு எழுதற அத்தியாயம் பத்தலைன்னு சார் சொன்னாரு. ரெண்டு தடவை மெட்ராஸ் போனேன். ஒரு நாள்ல எவ்ளோ படிக்க முடியும்? ஸ்கூல்ல லீவும் இல்ல. பதிவு ரத்தாயிடுச்சு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் கமிட்டியில் வைக்காததை, ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னதை, ஒப்பந்தத்தில் இருந்த அந்த வரியை. அவள் டீ டம்ளரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்னையும் அறியாமல் கொஞ்சம் நியாயம் தேடினேன் போல. "உன் ரெண்டு ஜர்னலுக்கும் ஒரு கோடுகூட விழலம்மா. யாருமே படிக்கலைன்னுதான் நோட்டு சொல்லிச்சு" என்றேன்.

"எப்பிடி எண்ணினீங்க மேடம்?"

முறையை விளக்கினேன். மேஜைமேல் விட்டுவிட்டுப் போன இதழ்களை ஏழுமலை மாலையில் சேகரித்ததைச் சொன்னேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் எதையும் மேஜை மேல விட்டுட்டுப் போனதே இல்லியே மேடம். படிச்சு முடிச்சா எடுத்த எடத்துலதான் வெப்பேன். காலேஜ் மொத வருஷம் சேந்தப்ப நீங்கதான் அப்பிடி சொல்லிக் குடுத்தீங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். கதவருகே நான் ஒட்டிய அறிவிப்பு அந்த இரண்டு நாளில் அவள் கண்ணில் பட்டிருக்காது. யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்தவளை, அப்படிச் செய்ததாலேயே என் நோட்டு இல்லை என்று சொல்லிவிட்டது. இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனவர்களுக்கு எல்லாம் கோடு விழுந்திருக்கிறது.

வேறு கல்லூரிகளில் கேட்டு அந்தக் கட்டுரைகளை வாங்கித் தருகிறேன், திரும்பப் பதிவு செய்ய என்ன வழி என்று விசாரிக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகத் தலையசைத்தாள். "வேணாம் மேடம். அப்ப வேணும்னு எழுதிக் குடுத்தேன். இப்ப அதுக்குத் தெம்பு இல்ல" என்றாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு பிரின்சிபாலிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பழைய கதைம்மா, விடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கருத்தரங்கு நடத்தியவர்களுக்கும் ஒரு திருத்தம் எழுதினேன். பதில் இல்லை. என் கட்டுரையை மட்டும் யார் யாரோ இன்னும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இப்போது என் பிள்ளையும் கேட்கிறான்.

எந்தத் தீர்மானத்துக்கு வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. உன் கல்லூரியின் பிள்ளைகளையும் அலமாரிகளையும் நான் பார்த்ததில்லை. சில இதழ்களைக் கணினிக்கு மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாற்று. ஆனால் எண்ணுவதாக இருந்தால் ஒரு மாதம் எண்ணாதே, ஆண்டு முழுக்க எண்ணு. எண்ணுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு மேஜையாகப் போய் வாயால் கேள். ஒப்பந்தத்தை நீயே கடைசிப் பக்கம் வரை படி. சந்தா நின்றால் பழைய ஆண்டுகள் நம்மிடம் இருக்குமா, வெளியிலிருந்து வந்து உட்காருகிறவர்கள் படிக்கலாமா என்று எழுத்தில் வாங்கு. அதற்குப் பதில் வரும்வரை ஒரு பழைய தொகுதியையும் லாரியில் ஏற்றாதே. யாராவது ஒரே ஒரு ஆள் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால், அது உன் அட்டவணையைக் குலைத்தாலும், கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாகப் படி. கமிட்டி மறுத்தால் மறுக்கட்டும். கடிதம் கொடுத்தவரிடம் போய் உண்மையான காரணத்தைச் சொல்லலாம் இல்லையா?

பிரின்சிபாலிடம் என் முறையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டாய். திங்கட்கிழமை அதை நீ திரும்ப வாங்க வேண்டியிருக்கும். சங்கடமாக இருக்கும். என்னைக் காப்பாற்றுவதற்காக வேறு காரணம் எதுவும் தேடாதே. எங்கம்மா தப்புப் பண்ணிட்டாங்க, ஒரு பொண்ணோட படிப்பு போயிடுச்சு என்றே சொல். என் பெயரையும் சொல்.

படித்து முடித்த உடனே எனக்குப் போன் செய்யாதே, பிரபு. கூட்டம் முடியட்டும். இப்போது செய்தால், "அது உன் தப்பு மட்டும் இல்லம்மா" என்று நீ சொல்வாய். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

அம்மா